கைத்திறனே கைம்முதல்!

"வேலை போய்விட்டது, ஐயா."

கடந்த திங்களில் ஒருநாள் மாலை, எம்மிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வீடு தேடி வந்து, திண்ணையில் அமர்ந்ததும் சொன்ன முதற்சொல் இது. ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூரினர். பதினாறு ஆண்டுகள் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் தையற்பொறியின் முன் அமர்ந்து உழைத்தவர். 'வேலை ஆணைகள் குறைந்துவிட்டன' என்று கூறி ஒரே கிழமையில் நாற்பது பேரை வெளியேற்றினர். அவர்களுள் இவரும் ஒருவர். கையில் எஞ்சியது ஒன்றரை இலக்க உருபா. வீட்டிலோ மனைவி, பள்ளி செல்லும் மக்கள் இருவர், நோயுற்ற தாய்.

"ஊரில் கைப்பேசிக் கடை வைக்கலாம் என்றிருக்கிறேன், ஐயா. வீட்டில் இருக்கும் நகையை அடகு வைத்தால் இன்னும் இரண்டு இலக்கம் தேறும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"கைப்பேசி பழுது பார்க்கத் தெரியுமா, தம்பி?" என்றோம்.

"எனக்குத் தெரியாது, ஐயா. ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

'நாளை மறுநாள் வா' என்று சொல்லி அனுப்பினோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் இதே கடையை, வேறு பெயரில், வேறு சரக்குடன், யாம் சிறுவராய் இருந்த நாளிலேயே திறக்கவும் கண்டோம், மூடவும் கண்டோம்.

தமிழன்பர்களே! நம் புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த மண். கண்மாய் நிறைந்தால் விளைச்சல், நிறையாவிடில் புலம்பெயர்வு. நம் பாட்டன்மார் இலங்கைக்கும் மலையாவிற்கும் பர்மாவிற்கும் கப்பலேறினர். நம் உடன்பிறந்தார் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வானூர்தி ஏறினர். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுகின்றனர். ஏறிய ஊர்திதான் மாறிற்று. ஏறியவன் நிலை மாறவில்லை. அயலிடத்தார் கதவை அடைத்த நாளில் வெறுங்கையுடன் ஊர் திரும்புவதும், திரும்பிய நாளில் 'ஒரு கடை வைத்துப் பிழைத்துக்கொள்' என்னும் அறிவுரையைக் கேட்பதும் நமக்கு வழிவழியாய் வந்தவை. 2018 நவம்பர் 16-இல் கசாப் புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும் இதையே கேட்டோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடே அடைபட்டு, நகரங்களிலிருந்து நம் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கியபோதும் இதையே கேட்டோம்.

இவ்வறிவுரை முழுத் தவறன்று, ஆனால் அரைகுறையானது. அரைகுறை அறிவுரை எத்தனை குடும்பங்களைக் கவிழ்க்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே பெருஞ்சான்று உண்டு.

இலங்கை மலையகத்தில் காடழித்துத் தேயிலை வளர்த்தவர் தமிழர். அவர்களை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அந்நாட்டரசு நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ – சாத்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. அம்மக்களின் கருத்தைக் கேளாமலே 9,75,000 பேர் பங்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவிற்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதென விட்டு, 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தனர். ஆட்டுக் கிடையைப் பங்கிடுவோரும் இத்துணை எளிதாகப் பங்கிடார்! தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, 1984-இல் கப்பல் போக்கு நிற்கும்வரை வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ நான்கரை இலக்கம் பேர். அவர்களுள் நம் மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்டோர் மிகப் பலர்.

வந்தவர்களுக்கு அரசு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை என்று கூறின் அது பொய்யாகும். நீலமலையில் அவர்களுக்கென 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டப் பணி தொடங்கிற்று. பின்னர் அது தனிக் கழகமாயிற்று. 1969-இல் தாயகம் திரும்பியோர்க்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்றும் எழுந்தது. ஆனால் தோட்டத்திலும் ஆலையிலும் இடம் பெற்றோர் சிறுபகுதியினரே. பெரும்பகுதியினர் கையில் வாணிகக் கடன் என்னும் பெயரில் ஐயாயிரம் உருபா அளவில் ஒரு தொகை ஒப்படைக்கப்பட்டது. 'இதைக்கொண்டு கடை வைத்துப் பிழைத்துக்கொள்க' என்பதே அதன் பொருள்.

எம் தெருவிற்கும் அத்தகைய குடும்பம் ஒன்று வந்தது. 'சிலோன்காரர் வீடு' என்பது ஊரார் அதற்கு இட்ட பெயர். குடும்பத் தலைவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் வல்லவர். துலைக்கோல் பிடித்து அறியாதவர். அவர் மனைவியார் நாள் முழுதும் கொழுந்து பறித்த கையினர், கணக்கேடு தொட்டறியாதவர். கடன் தொகையில் ஒரு பகுதியை இடைத்தரகன் விழுங்கினான். எஞ்சியதில் பேருந்து நிற்குமிடத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்தனர். அங்கே முன்னரே இரண்டு கடைகள் இருந்தன. அவ்விரு கடைக்காரரும் கடன் தர மறுத்தவரெல்லாம் இவரிடம் வந்து பற்று எழுதச் சொல்லிச் சரக்கு வாங்கினர். 'கதிர் அறுத்ததும் தருகிறேன்' என்றனர்; கதிரும் அறுத்தனர்; தரவில்லை. கடை அரிசி வீட்டுப் பானைக்குப் போயிற்று. எட்டுத் திங்களில் கடைப்பலகை சாத்தப்பட்டது. அக்குடும்பம் ஓரிரவில் நீலமலைக்குக் கூலி வேலை தேடிப் புறப்பட்டது. அவ்வீட்டுச் சிறுவன் எம் வகுப்புத் தோழன். அவன் எம்மிடம் விடைபெறாமலே போனான். கடன்பட்ட வீட்டுப் பிள்ளை எப்படி விடைபெறுவான்?

இது ஒரு வீட்டின் கதையன்று. அவ்வாறு கடை வைத்து நொடித்து, நீலமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் கூலிகளாய்ச் சென்றோர் பல்லாயிரவர். அவர்கள் சோம்பரா? இல்லை. ஒரு தீவின் பொருளியலையே தம் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். அறியாத தொழிலில், அறியாத ஊரில், தனித்தனியாய் இறக்கிவிடப்பட்டனர் என்பதே வீழ்ச்சிக்குக் கரணியம். கையில் பணம் இருந்தது. ஆனால் கைக்குத் தெரிந்த தொழில் அதில் இல்லை.

இதற்கு நேர்மாறான சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. 1990-களின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். மக்கள் 'குவாரி' என்று சொல்லும் கல்லுடை களங்கள் குத்தகைக்காரர் பிடியில் இருந்தன. அங்கே வெயிலில் அமர்ந்து சல்லி உடைத்த பெண்களுள் பலர் முன்பணத்திற்குக் கட்டுண்ட கொத்தடிமைகள். அந்நாளில் மாவட்ட ஆட்சியராய் இருந்த சீலா இராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், அக்களங்கள் பலவற்றின் குத்தகை அப்பெண்களின் குழுக்களுக்கே வழங்கப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பெண்கள் தாம் கூலிக்கு உடைத்த கல்லுக்குத் தாமே உரிமையாளர் ஆயினர். அதே காலத்தில், 1991-இல், அறிவொளி இயக்கம் எழுந்தது. எழுத்தறிந்த பெண்கள் மிதிவண்டி பழகினர். கணக்கேட்டில் தாமே கையெழுத்திட்டனர். எத்தனை வண்டி கல் ஏறிற்று, என்ன விலை வந்தது என்று தாமே எண்ணினர்.

அவர்களிடம் முதலீடு இருந்ததா? மிகச் சிறிதே. ஆனால் எந்தப் பாறை எவ்வாறு பிளக்கும், எந்தக் கல் எதற்கு உதவும், ஒரு நாளில் ஒரு கை எவ்வளவு உடைக்கும் என்பதை ஆண்டுக்கணக்காய் அறிந்த கைகள் இருந்தன. தனித்தனியாய் நில்லாது குழுவாய் நின்றனர். பொருளுக்கு விற்பனை இருந்தது. ஆகவே நின்றனர். பின்னாளில் குத்தகைக்காரர் செல்வாக்கு மீண்டும் தலைதூக்கிற்று. பல களங்கள் அப்பெண்கள் கையினின்று நழுவின. அது தொழிலறியாமையால் வந்த தோல்வியன்று. அரசின் துணை தளர்ந்ததால் வந்த இழப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இவ்விரு வரலாற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பணம் கொடுக்கப்பட்டது, தொழில் தெரியாது, தனிமை, முடிவு, கடன். மற்றொரு பக்கம் பணம் சிறிது, தொழில் தெரியும், கூட்டு, முடிவு, நிமிர்வு. வேலையிழந்தவனுக்கு முதன்மையான முதல் அவன் கைத்திறனே. பணம் அதற்கு அடுத்ததே.

திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கினார். அரசர்க்குச் சொன்னதாயினும், கடை திறப்பவனுக்கும் அவ்வடுக்கே வழிகாட்டி. செய்யப்போகும் தொழிலில் போவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று எழுதிப் பார்ப்பது தெரிந்து செயல்வகை. தன் கை எதில் வல்லது, வீட்டார் துணை எவ்வளவு, பணம் எத்தனை நாள் தாங்கும் என்று அளப்பது வலியறிதல். ஆடைக்குத் திருநாட் காலம், கல்லுக்குக் கோடைக்காலம் எனப் பருவம் நோக்குவது காலமறிதல். இரண்டு கடை இருக்கும் இடத்தில் மூன்றாவதாய் அதே சரக்குடன் போய் அமராதிருப்பது இடனறிதல்.

இவற்றோடு எம் பட்டறிவில் கண்ட சில: வேலையிழந்தபோது கிட்டிய தொகையில் ஆறு திங்கள் வீட்டுச் செலவை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிடுக, அதைத் தொழிலில் இடற்க. கடைப்பணமும் வீட்டுப்பணமும் ஒரே பெட்டியில் கிடத்தல் கூடாது. நகை முழுவதையும் முதல் நாளே அடகு வைத்தல் கூடாது. நாள்வட்டி, கந்துவட்டிக்காரரின் வாயிலை மிதித்தல் ஆகாது. அடாவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துள்ளது. மாவட்டத் தொழில் மையத்தின் வழியே மானியத்துடன் வங்கிக் கடன் பெறும் திட்டங்கள் உள்ளன. ஆனால் 2008-இல் தொடங்கிய தலைமையமைச்சர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் உடனே கைக்கு வாராது. மூன்றாண்டு வங்கியிலேயே வைப்பாய் இருக்கும். அதை நம்பி இன்றே செலவு செய்வோன் நாளை வருந்துவான்.

'படித்தவன் கடை வைப்பதா? வெளியூரில் மதிப்பாய் இருந்தவன் உள்ளூரில் தெருவில் அமர்வதா?' என்று ஏளனம் பேசுவோர் நம்மிடையே உண்டு. கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனாரை எண்ணுங்கள். 1906-இல் வெள்ளையர்க்கு எதிராய்க் கப்பல் நிறுவனம் கண்டவர். 1908-இல் சிறைப்பட்டு, 1912 திசம்பரில் வெளிவந்தபோது வழக்கறிஞர் உரிமையையும் இழந்திருந்தார். சென்னையில் மளிகைக்கடை வைத்துக் குடும்பத்தைக் காக்க முயன்றார். அக்கடை அவருக்குக் கைகொடுக்கவில்லை. அதனால் அவர் பெருமை ஓர் அணுவும் குறைந்ததா? கடை வைத்தல் இழிவன்று. கடை நொடித்தலும் இழிவன்று. உழைப்பவனை எள்ளுவதே இழிவு.

ஆயினும் சுமை முழுவதையும் வேலையிழந்தவன் தலையிலேயே ஏற்றிவிட்டு அரசு ஒதுங்குதல் அறமாகாது. மலையகத் தமிழர்க்கு இழைத்த பிழை அதுவே. கடனோடு பயிற்சி வேண்டும். பயிற்சியோடு விற்பனை வாய்ப்பு வேண்டும். கடன் படிவங்களும் வங்கி உடன்படிக்கைகளும் முழுமையும் தமிழில் இருத்தல் வேண்டும். படித்தறிய இயலாத தாளில் கையெழுத்திடச் செய்வது, கண்ணைக் கட்டிக் கிணற்றருகே நடத்துவதன்றி வேறென்ன?

நமக்கும் கடமை உண்டு. நம்மூரில் வேலையிழந்து தொழில் தொடங்குவோரிடம் வாங்குங்கள். பணத்தைக் கையோடு கொடுங்கள். 'தெரிந்தவர்தானே' என்று பற்று எழுதச் சொல்லாதீர்கள். எம் தோழன் வீட்டுக் கடையைச் சாத்தியது இலங்கை அரசு மட்டுமன்று. பற்று எழுதச் சொல்லி வாங்கித் திருப்பித் தராத எம் தெருவாரும்தாம். இதை எழுதும்போது எம் வீட்டுப் பற்றும் அவ்வேட்டில் இருந்ததோ என்னும் ஐயம் நெஞ்சைச் சுடுகிறது.

மறுநாள் கழித்து அம்மாணவர் வந்தார். "தம்பி, உன் கை பதினாறாண்டு படித்த பாடம் தையல். அதை விட்டுவிட்டு, அறியாத பாடத்தில் ஏன் தேர்வு எழுதப் போகிறாய்?" என்றோம். 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் நெகிழிப்பைக்குத் தடை; துணிப்பைக்கும் மஞ்சட்பைக்கும் கடைதோறும் தேவை உண்டு என்பதை நினைவூட்டினோம். நெடுநேரம் எண்ணினார். நகையை அடகு வைக்கவில்லை. பழைய தையற்பொறிகள் இரண்டு வாங்கி, தம்மைப் போலவே திருப்பூரிலிருந்து திரும்பிய பெண்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுத் தாழ்வாரத்திலேயே தொடங்கியிருக்கிறார். அது வளருமா, தளருமா என்பதைக் காலம் காட்டும். ஆனால் தெரிந்த தொழிலில், தெரிந்த துணையோடு, தாங்கும் அளவில் இறங்கியிருக்கிறார்.

வேலையிழந்த தமிழர்களே! உங்கள் வேலையைப் பறிக்க அயலானால் முடியும். உங்கள் கைத்திறனைப் பறிக்க எவனாலும் முடியாது. அதை முதலாய் இடுங்கள். கூடி எழுங்கள்!