கையில் ஒரு பெருக்கல் குறி!

அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன்.

ஜனாதிபதி வசிக்கும் வெள்ளை மாளிகை அங்கேதான் இருக்கிறது. பளிங்கு மண்டபங்கள், அகலமான சாலைகள், கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த அதிகாரிகள். வாஷிங்டன் என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது இதுதான்.

அந்த ஊரில் இன்னொரு கூட்டமும் உண்டு.

கிழிந்த சட்டை. மொட்டை அடித்த தலை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும் பாட்டு. காதைப் பிளக்கும் கிதார். ஒரு பாட்டு தொடங்கி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் மேடைக்கு முன்னால் நிற்பவர்கள் குதித்து, மோதி, வியர்வையில் குளித்துவிடுவார்கள்!

இந்த இசைக்குப் "பங்க்" என்று பெயர். அதிலும் மிக வேகமான வகைக்கு "ஹார்ட்கோர்" என்று பெயர்.

இதைப் பார்க்கும் பெற்றோருக்கு வயிறு கலங்கும். "பிள்ளை கெட்டான்!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் நடந்தது என்ன?

குடிக்காமல், புகைக்காமல், போதை மருந்தைத் தொடாமல் வாழலாம் என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் இருந்துதான் கிளம்பியது! அது எப்படி என்பதைப் பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தந்தை கொடுத்த புத்தகம்

பங்க் இசை 1970-களின் நடுவில் நியூயார்க்கில் வளர்ந்தது. 1976-ல் லண்டனில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. இதற்குப் பெரிய வித்வானாக இருக்க வேண்டியதில்லை. கிதாரில் இரண்டு மூன்று பிடிகள் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம். இதுதான் அந்த இசையின் கவர்ச்சி.

வாஷிங்டனில் இதற்கு உயிர் கொடுத்தவர்கள் நான்கு கறுப்பு இளைஞர்கள். அவர்களுடைய கோஷ்டியின் பெயர் "பேட் பிரெய்ன்ஸ்". எச்.ஆர். என்பவர் பாடகர். அவருடைய தம்பி ஏர்ல் ஹட்சன் டிரம் வாசித்தார். டாக்டர் நோ, டாரில் ஜெனிபர் இருவரும் கிதார் வாசித்தார்கள். ஜாஸ் இசையில் பழகிய கைகள் அவை. அதனால் வேறு யாராலும் எட்ட முடியாத வேகத்தில் வாசித்தார்கள். 1980-ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டுப் பாட்டு இரண்டு நிமிடம் கூட ஓடாது!

எச்.ஆருக்கு அவருடைய தந்தை ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். நெப்போலியன் ஹில் என்பவர் 1937-ல் எழுதிய முன்னேற்ற நூல் அது. "மனதில் நல்ல எண்ணம் வேண்டும், அப்போதுதான் வாழ்வில் உயரலாம்" என்பது அதன் சாரம். அந்தக் கருத்தை எச்.ஆர். தம் பாட்டிலேயே சேர்த்துவிட்டார். காது கிழியும் சத்தத்துக்கு நடுவே நல்ல புத்தி! அதைக் கேட்க வந்த பள்ளிப் பிள்ளைகள் மனதில் அது பதிந்தது.

அடைத்த கதவு

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இயான் மெக்கே. 1962-ல் பிறந்தவர். பள்ளித் தோழர்களுடன் சேர்ந்து 1979-ல் "டீன் ஐடில்ஸ்" என்ற கோஷ்டியை ஆரம்பித்தார்.

அவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. கச்சேரி நடக்கும் இடங்களில் பெரும்பாலானவை மது விற்கும் இடங்கள். பாட்டுக்கு வாங்கும் கட்டணத்தைவிட மது விற்றுத்தான் முதலாளிக்கு லாபம். வயது வராத பையன் உள்ளே வந்து ஒரு கோப்பை குடித்துவிட்டால் உரிமம் பறிபோகும். ஆகவே "சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை!" என்று கதவை அடைத்தார்கள்.

பாட்டு கேட்க வந்த பிள்ளை தெருவில் நின்றான்.

1980-ம் ஆண்டு கோடையில் இந்தக் கோஷ்டியார் பஸ் ஏறிக் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கில் வாசித்தார்கள். அங்கே சிறுவர்களை உள்ளே விட்டார்கள். எப்படி? வாசலில் வயது குறைந்தவர்களின் கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். குறி உள்ள கைக்கு மது கிடையாது! இவ்வளவுதான் யோசனை.

ஊர் திரும்பியதும் மெக்கேயும் தோழர்களும் அந்த யோசனையை ஓர் அரங்குக்காரரிடம் சொன்னார்கள். அது அந்த ஆண்டில் புதிதாகத் திறந்திருந்த "நைன் தர்ட்டி கிளப்". எங்கள் கையில் குறி போடுங்கள். நாங்கள் குடிக்க மாட்டோம். பாட்டு கேட்க மட்டும் விடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

அரங்குக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கதவு திறந்தது!

பிள்ளைகளும் பேச்சைக் காப்பாற்றினார்கள். சில மாதங்களில் அந்தக் குறி அவமானச் சின்னமாக இல்லாமல் பெருமைச் சின்னமாகவே ஆகிவிட்டது. வயது வந்தவர்கள் கூடத் தாங்களே கையில் குறி போட்டுக்கொண்டு வந்தார்கள்!

சுருட்டுப் பெட்டியில் 600 டாலர்

டீன் ஐடில்ஸ் கோஷ்டி 1980 முடிவதற்குள் கலைந்தது. கச்சேரியில் கிடைத்த பணத்தை ஒருவரும் தனியாக எடுத்துச் செலவு செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் சுமார் 600 டாலர்.

பங்கு போட்டுக்கொள்ளலாமா? அல்லது நினைவாக ஓர் இசைத்தட்டு போடலாமா?

இசைத்தட்டே போட்டார்கள். 8 பாட்டுகள், முதலில் 1,000 தட்டுகள். உறைகளை அவர்களே கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். உறையில் என்ன படம்? பெருக்கல் குறி போட்ட இரண்டு கைகள்!

இப்படிப் பிறந்ததுதான் "டிஸ்கார்ட்" என்ற இசைத்தட்டு நிறுவனம். வாஷிங்டன் வட்டாரக் கோஷ்டிகளின் பாட்டை மட்டும் வெளியிடுவது அதன் வழக்கம். பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்குவது கிடையாது. வாய்ச்சொல்தான் ஒப்பந்தம். லாபத்தில் பங்கு உண்டு. பல தட்டுகளின் உறையிலேயே விலையை அச்சிட்டார்கள். கடைக்காரர் கூட்டி விற்க முடியாது அல்லவா!

குடிக்காத பாட்டு

மெக்கே அடுத்து "மைனர் த்ரெட்" என்ற கோஷ்டியை அமைத்தார். 1981-ல் "ஸ்ட்ரெயிட் எட்ஜ்" என்ற பாட்டைப் பாடினார். ஒரு நிமிடம் கூட ஓடாத பாட்டு. போதை இல்லாமலே நான் நன்றாக இருக்கிறேன் என்பது அதன் கருத்து.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டு என்றால் போதை, போதை என்றால் பாட்டு என்று இருந்த காலம் அது. லண்டன் பங்க் கோஷ்டி ஒன்றில் இருந்த சிட் விஷியஸ் 1979 பிப்ரவரியில் போதை மருந்தால் இறந்தார். வயது 21. அப்படிப்பட்ட உலகத்தில் ஓர் இளைஞர் மேடையில் நின்று "எனக்கு வேண்டாம்" என்று கத்தினார். பெரியவர் சொன்னால் உபதேசம். தன் வயதுக்காரன் சொன்னால் அது துணிச்சல்!

அந்தப் பாட்டு கடல் கடந்தது. பல நாடுகளில் இளைஞர்கள் கையில் குறி போட்டுக்கொண்டார்கள்.

ஐந்து டாலர் டிக்கெட்

1987-ல் மெக்கேயும் தோழர்களும் "புகாஸி" என்ற கோஷ்டியைத் தொடங்கினார்கள். அதன் முதல் கச்சேரி அந்த ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் வில்சன் சென்டரில் நடந்தது.

அவர்கள் வைத்த விதிகள் இரண்டு. டிக்கெட் சுமார் 5 டாலருக்கு மேல் போகக் கூடாது. எந்த வயதுக்காரரையும் உள்ளே விட வேண்டும். உலகெங்கும் பெயர் பரவிய பிறகும் இந்த விதிகளைக் கூடியவரை விடவில்லை. பெரிய கம்பெனிகள் அழைத்தன, போகவில்லை. 2002 வரை வாசித்தார்கள்.

கூட்டத்தில் எவனாவது பிறரை அடித்தால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். அவனை வெளியே அனுப்புவார்கள். டிக்கெட் பணத்தையும் உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்! பணம் பெரிதல்ல, ஒழுங்கு பெரிது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1985-ல் "பாசிட்டிவ் போர்ஸ்" என்ற தொண்டர் குழு உண்டாயிற்று. கச்சேரி நடத்திப் பணம் திரட்டி வீடற்றவர்களுக்கும் ஏழைகளுக்கும் உதவியது. மாதா கோயில் கூடங்களே பல சமயம் கச்சேரி மண்டபம் ஆயின. 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் மூளும் நேரத்தில், புகாஸி கோஷ்டியினர் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் குளிரில் நின்று வாசித்தார்கள்.

குறை இல்லையா?

உண்டு. மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆரம்ப காலத்தில் அடிதடி மிகுந்திருந்தது. மோதிக் குதிக்கும் ஆட்டத்தில் வலுத்தவன் கை ஓங்கியது. பெண்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். பாட்டு எல்லோருக்கும் சொந்தம் என்று சொன்னவர்களே பாதிப் பேரை ஒதுக்கிவிட்டார்கள்!

1991 கோடையில் வாஷிங்டனிலேயே பெண்கள் கூடிப் பேசினார்கள். "பிக்கினி கில்" என்ற கோஷ்டியின் பாடகி கேத்லீன் ஹானா, பெண்களை மேடைக்கு முன்னால் வந்து நிற்கும்படி அழைத்தார். அவர்கள் வந்து நின்றார்கள்.

குடிக்காத கொள்கையும் சில ஊர்களில் வெறியாக மாறியது. குடிப்பவனை அடிக்கும் கூட்டங்கள் கிளம்பின. ஓர் இயக்கத்தை உண்டாக்குவது தம் நோக்கம் அல்ல என்று மெக்கே பல முறை சொல்லியிருக்கிறார். தன்னைத் திருத்திக்கொள்வது ஒழுக்கம். அடுத்தவனை அடித்துத் திருத்தப் பார்ப்பது ரவுடித்தனம்.

இடம் எங்கே?

பழைய நைன் தர்ட்டி கிளப் 1996-ல் பெரிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. டான் சியன்டாரா என்பவரின் "இன்னர் இயர்" ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் இந்தக் கோஷ்டிகளில் பெரும்பாலோர் பாட்டைப் பதிவு செய்தார்கள். அந்த இடத்தை ஆர்லிங்டன் உள்ளாட்சி நிர்வாகம் வாங்கியது. கூடம் 2021-ல் மூடப்பட்டது.

ரெனோ கோட்டை மேடு என்று ஓர் இடம். அங்கே 1968 முதல் கோடையில் இலவசக் கச்சேரி நடந்துவந்தது. மது கிடையாது, கைக்குழந்தையோடு குடும்பம் குடும்பமாகப் புல்லில் உட்கார்ந்து கேட்பார்கள். 2014-ல் போலீஸ் காவலுக்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். இலவசக் கச்சேரிக்குப் பணம் ஏது? "இந்த ஆண்டு கச்சேரி இல்லை" என்று அறிவிப்பு வந்தது. ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. கச்சேரியும் நடந்தது!

அதே 2014-ல் வாஷிங்டன் பொது நூலகம் ஒரு நல்ல காரியம் செய்தது. பங்க் கோஷ்டிகளின் இசைத்தட்டு, கைப்பத்திரிகை, சுவரொட்டி எல்லாவற்றையும் சேகரித்துப் பாதுகாக்கத் தொடங்கியது. பழையதைப் பாதுகாத்ததோடு நிற்கவில்லை. நூலகக் கட்டடத்திலேயே புதிய கோஷ்டிகளுக்குக் கச்சேரி நடத்த இடமும் கொடுத்தது. பங்க் கூச்சலுக்கு நூலகம் இடம் கொடுத்தது!

இதுதான் சரியான வழி.

பெரிய மண்டபமோ பணக்கார முதலாளியோ இந்தப் பிள்ளைகளை நல்வழிப்படுத்தவில்லை. ஒரு சிறு கூடம், கட்டக்கூடிய கட்டணம், மது வேண்டாம் என்ற ஒரு விதி. இந்த மூன்றும் போதுமாக இருந்தன. வாடகை ஏற ஏற முதலில் காணாமல் போவதும் அந்தச் சிறு கூடம்தான். அது போய்விட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது தெருமுனையும் மதுக்கடை வாசலும்தான். ஆகவே நூலகமும் பள்ளியும் கோயில் கூடமும் நகரசபையும் வாரத்தில் ஒரு மாலை கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

பெற்றோரும் பிள்ளையின் தலைமுடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யாரோடு போகிறான், என்ன செய்கிறான், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா என்று பார்க்க வேண்டும்.

கையில் போட்ட மை சோப்புப் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாளில் போய்விடும். "என்னை நம்பி உள்ளே விட்டார்கள்" என்ற நினைவு ஆயுள் முழுவதும் போகாது!