கேட்குமுன் கொடுத்தல்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் சாலை முதலியார்பேட்டை வழியாகச் செல்கிறது. நோயாளரை ஏற்றிக்கொண்டு விரையும் அவசர ஊர்திகளுக்கு அச்சாலையில் செல்வோர் ஒதுங்கி வழிவிடுவர். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் புதுச்சேரியிலிருந்து மட்டுமன்றி, கடலூர், விழுப்புரம் பகுதிகளிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். வழிவிடுதல் நற்பண்பே. ஆயினும், மருத்துவமனையை அடையும் நோயாளருக்கு வேண்டிய குருதி அங்கே ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் அதனை முன்னரே கொடுத்திருக்க வேண்டும். எனவே, குருதிக்கொடையில் கேட்டபின் கொடுப்பதைவிடக் கேட்குமுன் கொடுப்பதே சிறந்தது.

மனிதக் குருதியில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிளாஸ்மா என்னும் வெளிர்மஞ்சள் நிற நீர்மமாகும். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எஞ்சியவற்றுள் புரதங்களே மிகுதி. அப்புரதங்களுள் சில குருதியை உறையச் செய்கின்றன. சில நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. கடுமையான தீக்காயமுற்றோர், குருதி உறையாமையால் துன்புறுவோர், நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த குழந்தைகள் எனப் பலருக்கு அவை உயிர்காக்கும் மருந்தாகின்றன. பிளாஸ்மாவைச் செயற்கையாக உருவாக்க இயலாது. மனிதருக்கு மனிதரே அதனை அளிக்க வேண்டும்.

கொடையாகப் பெறப்படும் குருதி சிவப்பணுக்கள், தட்டணுக்கள், பிளாஸ்மா எனப் பிரிக்கப்படுவதால், ஒருவரின் கொடை மூவருக்குப் பயன்படக்கூடும். தட்டணுக்களை ஐந்து நாள்களும், சிவப்பணுக்களை ஏறத்தாழ ஆறு வாரங்களும், உறையவைத்த பிளாஸ்மாவை ஓராண்டும் வரை பாதுகாக்கலாம். ஆகவே, விழா நாளில் மட்டும் திரளும் கூட்டத்தால் ஆண்டு முழுவதுக்குமான தேவை நிறைவேறாது. கொடை வெள்ளமாக வந்து வடிந்துவிடாமல், ஊற்றாகச் சுரந்துகொண்டிருத்தல் வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, பணம் பெற்றுக்கொண்டு குருதி கொடுக்கும் வழக்கம் 1998 சனவரி முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. தன்னார்வக் கொடையாளர் குறையும்போது, நோயாளரின் உறவினர் மருத்துவமனை வாயிலில் நின்று தெரிந்தவர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து வேண்டுகின்றனர். நோயின் துயரோடு இரத்தலின் துயரையும் அவர்கள் சுமக்குமாறு விடுவது சமூகத்திற்கு அழகன்று.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிசன் தம் 14-ஆம் வயதில் மார்பில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். முகமறியாதோர் அளித்த குருதியால் உயிர் பிழைத்த அவர், உரிய வயது வந்ததும் தாமும் கொடுப்பதாக உறுதி பூண்டார். 1954-இல் தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில் அரிய எதிர்ப்புப் பொருள் ஒன்று இருப்பது பின்னர்த் தெரியவந்தது. தாய்க்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் இடையே ஆர்எச் காரணி வேறுபடுவதால் குழந்தைக்கு நேரும் கேட்டினைத் தடுக்கும் மருந்து, அதிலிருந்து உருவாக்கப்பட்டது. ஊசிக்கு அஞ்சிய அம்மனிதர், 2018 வரை 1,173 முறை கைநீட்டினார். ஏறத்தாழ 24 இலட்சம் குழந்தைகள் காக்கப்படுவதற்கு அவர் உதவியதாக மதிப்பிடப்படுகிறது.

நல்லெண்ணத்திற்கு அறிவியலும் துணைநிற்க வேண்டும். கோவிட் பெருந்தொற்றிலிருந்து மீண்டோர், 2020-இல் பிறரைக் காக்கும் விருப்பத்தோடு பிளாஸ்மா அளித்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளரிடம் நடத்திய ஆய்வோ, அம்மருத்துவம் நோய் முற்றுவதையும் இறப்பையும் குறைக்கவில்லை என்று காட்டியது. 2021 மே மாதத்தில் அது மருத்துவ நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. கொடுத்தவரின் அன்பு மெய்யானது. மருந்தின் பயனை முடிவு செய்வது ஆய்வே. பயன் மெய்ப்பிக்கப்பட்ட பிற நோய்களுக்குப் பிளாஸ்மாவின் தேவை அதனால் குறைந்துவிடவில்லை.

குருதி கொடுத்தால் உடல் தளர்ந்துவிடும் என்னும் அச்சம் இன்றும் பல வீடுகளில் உள்ளது. நலமுள்ளோர் உடலில், இழந்த பிளாஸ்மாவின் அளவு ஓரிரு நாள்களில் ஈடாகிவிடும். சிவப்பணுக்களும் சில வாரங்களில் மீளும். இந்தியாவில் ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் குருதி கொடுக்கலாம். இதனைப் பெற்றோரிடம் எடுத்துரைப்பதே ஒரு தொண்டு.

குருதி கொடுப்பதற்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவர் அதற்குச் சிறிது காலம் காத்திருக்க வேண்டும். உறுதி பூணுவதற்கோ காத்திருக்க வேண்டியதில்லை. இன்று முதலியார்பேட்டைச் சாலையோரம் நின்று அவசர ஊர்திக்கு வழிவிடும் மாணவர், நாளை அவ்வூர்தி சென்றுசேரும் இடத்தில் தம் கொடை முன்கூட்டியே காத்திருக்கச் செய்யலாம்.