ஆந்தைத் தொலைநோக்கியும் அயன்மொழி மயக்கமும்

ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஓரத்தில் ஒரு தேநீர்க் கடை. முறைவேலை முடிந்து வந்த பட்டறை இளைஞர் மூவர் செய்தித்தாளில் கண்ட ஒரு செய்தியைச் சொல்லிச் சொல்லி நகைத்துக்கொண்டிருந்தனர். தென்னமெரிக்கச் சிலி நாட்டின் மலையுச்சியொன்றில், 39 மீட்டர் அகலமுள்ள ஆடியொடு கூடிய தொலைநோக்கியை ஐரோப்பிய வானியலார் எழுப்பி வருகின்றனர் என்பதே அச்செய்தி.

“இத்துணைப் பெரிய கண்ணாடியை யார் துடைப்பது?” என்றார் ஒருவர். “நம் மலைக்கோயில் தேரை இழுக்கவே ஊர் கூடவேண்டும், இதைத் திருப்ப எத்தனை ஊர் கூடவேண்டுமோ?” என்றார் மற்றவர். மூன்றாமவர் அதன் ஆங்கிலப் பெயரை, ‘எக்சுட்ரீம்லி லார்ச்சு டெலசுகோப்பு’ என்று மந்திரம் ஓதுவார்போல் ஓதினார். அருகிருந்த யான், “மீப்பெருந் தொலைநோக்கி என்று சொல்லலாமே, தம்பி” என்றேன். மூவரும் மீண்டும் நகைத்தனர். “ஐயா, தமிழில் சொன்னால் சிரிப்பு வருகிறது” என்றனர்.

முதல் நகைப்பு எனக்கு இனித்தது. இரண்டாம் நகைப்பு சுட்டது. இவ்விரண்டையும் தமிழர் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்பெயரில் அப்படி என்ன பெருமை இருக்கின்றது? ‘லார்ச்சு’ என்பது சட்டைக் கடையில் நாம் அளவு சொல்லும் அதே சொல்லன்றோ? அவ்வானியலார் முன்பு 8.2 மீட்டர் ஆடிகளையுடைய நான்கு தொலைநோக்கிகளை அதே சிலி நாட்டில் அமைத்தபோது, அவற்றுக்கு ‘மிகப் பெரிய தொலைநோக்கி’ எனப் பொருள்படும் பெயரையே இட்டனர். அடுத்ததற்கு ‘மீப்பெரிய’ என்றனர். இடையே 100 மீட்டர் அகலத்தில் ஒன்றைக் கட்டவும் திட்டமிட்டனர். அதற்கு ‘மலைக்கவைக்கும் பெருந் தொலைநோக்கி’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, அதன் எழுத்துகளைச் சுருக்கினால் ‘ஆந்தை’ என்னும் ஆங்கிலச் சொல் வருமாறும் செய்துகொண்டனர். இரவெல்லாம் கண்விழித்திருக்கும் பறவைதானே ஆந்தை! அதன் ஆடியை நிலத்திற் கிடத்தினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். நம் பகுதி உழவர் ஒருவர் கேழ்வரகு விதைக்கும் கொல்லை அளவு! செலவும் சிக்கலும் பெரிதென்று பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. நகைச்சுவை மட்டும் நின்றது.

ஆக, அவர்கள் தம் பேரறிவுக் கருவிக்குத் தம் வீட்டுச் சொல்லால் பெயரிடுகின்றனர். அதனை வைத்துத் தாமே நகையாடவும் செய்கின்றனர். நாமோ அவர்தம் சட்டைக்கடைச் சொல்லைத் தலைமேற் சுமந்துகொண்டு, நம் சொல்லைக் கேட்டால் சிரிக்கிறோம்!

அவ்விளைஞர்தம் கேள்விகளுக்கு வருவோம். அவை வெற்றுக் கேலிகள் அல்ல, பொறியியலின் உயிர்க்கேள்விகள். ஆடியை யார் துடைப்பது? அது ஒற்றை ஆடியன்று. தேனடைபோல் இணைந்த 798 அறுகோணத் துண்டுகள். அவற்றை முறைவைத்துக் கழற்றிக் கழுவிப் புதிதாய்ப் பூச்சிடுவர். யார் திருப்புவது? 3,000 டன்னுக்கு மேற்பட்ட அதன் கட்டுமானம் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து, எளிதாய்த் திரும்பும். ஏன் இத்துணை அகலம்? அகலம் இருமடங்கானால் திரளும் ஒளி நான்கு மடங்காகும். விண்ணின் மிகமங்கிய ஒளிப்பொட்டும் அப்போது கண்ணுக்குப் புலனாகும்.

இன்னொன்றும் அவர்கள் அறிதல் வேண்டும். அவாயித் தீவின் மலையொன்றில் 30 மீட்டர் அகலத்தில், 492 துண்டுகளால் ஆன ஆடியுடன் வேறொரு தொலைநோக்கி எழுப்பத் திட்டமுண்டு. அம்மலையைப் புனிதமெனப் போற்றும் மண்ணின் மக்கள் 2015-இலும் 2019-இலும் மறித்து நின்றனர். அது இன்னும் எழவில்லை. அதில் இந்தியாவும் பங்கேற்றது. அதற்கான ஆடித்துண்டுகளை மெருகிடும் கூடம் எங்கே அமைந்தது? நம் ஓசூருக்கு அண்மையில், எல்லைக்கு அப்பாலுள்ள ஒசக்கோட்டையில்! மைக்ரானில் இருபதில் ஒரு பங்கினும் குறைந்த பிழையே பொறுக்கும் வேலை அது. மைக்ரான் கணக்கில் நாள்தோறும் இரும்பை இழைக்கும் நம் பட்டறை இளைஞர்க்கு அவ்வேலையின் அருமை விளங்காதா? ஓசூர் என்றால் புதூர். ஒசக்கோட்டை என்றால் புதுக்கோட்டை. கன்னடர் தம் சொல்லால் ஊருக்குப் பெயரிட்டனர். அதைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை.

நம் மண்ணிலும் பெருங்கருவிகள் இல்லாமலில்லை. கிருட்டிணகிரி வழியே வாணியம்பாடிக்குச் சென்று சவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, நம் கண்ணினும் ஓரிலக்கம் மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். அதனை நிறுவ உழைத்து, அது திறக்கப்படுமுன் 1982-இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரையே அது தாங்குகிறது. கணித மேதை இராமானுசன் பெயர் பூண்ட சிறுகோளும் 1988-இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டதே. உதகையில் 1970 முதல் நிற்கும் வானொலித் தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர்! மலைச்சரிவையே நிலநடுக்கோட்டுக் கணக்குக்கு ஒத்ததாய்த் தேர்ந்து அதனை அமைத்தனர். இவற்றைப் பற்றி நம் தேநீர்க் கடைகளில் ஒரு பகடியேனும் கேட்டதுண்டா? இல்லை. அறியாத ஒன்றைப் பற்றி எவராலும் பகடி பேசவியலாது.

நகையாடுவதற்கும் அறிவு வேண்டும். பொருளை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தவனே அதைக் கண்டு சிரிக்க வல்லவன்; புரியாதவனோ வாய்பிளந்து வணங்குவான். தாமரை, வெள்ளம், ஆம்பல் எனப் பேரெண்களுக்குப் பூவின் பெயரும் நீரின் பெயரும் சூட்டிய மொழி நம்முடையது. அம்மொழிக்கு ஒரு தொலைநோக்கியின் பருமை தாங்காதா?

ஓசூர், கிருட்டிணகிரி ஆசிரியப் பெருமக்களே! பட்டறைத் தோழர்களே! நம் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆடியையும் அச்சையும் தமிழிற் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் கேலியாய்க் கேட்கும் கேள்வியையும் மதித்து விடை கூறுங்கள். அக்கருவியின் பருமை கண்டு அவர்கள் வயிறு குலுங்க நகைக்கட்டும். ஆனால் தமிழில் நகைக்கட்டும்!