வாடைக்காற்றில் லங்காவிக்கு

நவம்பர் பிறந்தால் நமக்குக் குடை ஞாபகம் வரும். அதே நவம்பரில், கிள்ளான் துறைமுகத்தில் சிலர் பாய் விரித்து லங்காவிக்குப் புறப்படுவார்கள்.

ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி 1990-இல் தொடங்கியது. கிள்ளானில் புறப்படும் படகுகள் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியை அடையும். அன்று ராஜா மூடாவாக இருந்தவர்தான் இன்றைய சிலாங்கூர் சுல்தான். 1990-களின் நடுவில் பாய்மரப் படகில் உலகையே சுற்றி வந்தவர் அவர்.

மொத்தத் தூரம் சுமார் 200 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகம் கிடைத்தால் 40 மணி நேர ஓட்டம்.

மழை மாதத்தில் ஏன் போகிறார்கள்? அப்போதுதான் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகிறது. கிளந்தான், திரங்கானு பக்கம் அது கடலைக் கொந்தளிக்க வைக்கும். நம் பக்கத்திலோ தித்திவங்சா மலைத்தொடர் மதில்போல நிற்கிறது. கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பெரிய அலை எழும்ப இடமில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவியில் மழையும் குறைவு. ஐரோப்பாவின் பனிக்காலத்துக்குத் தப்பி வரும் படகுக்காரர்கள் அங்கே நங்கூரம் போடுவது அதனால்தான்.

அலை இல்லை என்பதால் பயணம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். மலாக்கா நீரிணையில் பகலில் கடல்காற்று, இரவில் நிலக்காற்று. ஒன்று ஓய்ந்து மற்றது எழும்வரை பாய் துவண்டு தொங்கும். கிள்ளான் பக்கம் கடல் ஏறி இறங்கும் அளவு சில நாள்களில் 4 மீட்டரைத் தாண்டும். அந்த நீரோட்டத்தில் காற்றில்லாத படகு பின்னோக்கியே போய்விடும். காற்று எதிரே வந்தால் நேராகப் போக முடியாது; இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்துதான் முன்னேற வேண்டும். இருட்டில் மீனவர் வலையும் மிதக்கும் மரக்கட்டையும் வேறு.

"இது பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன?" என்று கேட்கலாம். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் 'ரஜூலா' என்று சொல்லிப் பாருங்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல் மதராஸிலும் நாகப்பட்டினத்திலும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு முதலில் பினாங்குக்கு வரும். அடுத்து போர்ட் சுவெட்டன்ஹாம், பிறகு சிங்கப்பூர். அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். தாத்தா பினாங்கிலிருந்து இறங்கி வந்த அதே கடலில்தான் இந்தப் படகுகள் மேலே ஏறிப் போகின்றன.

இன்னும் பழைய தடமும் உண்டு. பினாங்கு தாண்டி லங்காவி நோக்கிப் போகும்போது வலப்பக்கம் குனோங் ஜெராய் தெரியும். 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலை பழங்கால மாலுமிகளுக்கு வழிகாட்டி. அதன் அடியில் பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்து வந்த கடாரம் இந்தப் பக்கம்தான். வணிகக் கப்பல்கள் தென்மேற்குக் காற்றில் இங்கே வந்து, காற்று திரும்பும்வரை காத்திருந்து, வாடையில் ஊர் திரும்பின.

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். ரப்பர் தோட்டத்துக்குள் போன பிறகு கடல் நமக்கு ஊரைப் பிரித்த தண்ணீராக மட்டும் மிஞ்சிவிட்டது. இன்று கிள்ளானில் பிறந்த பிள்ளைக்கும் கடல் என்றால் மீன் சாப்பாட்டுக் கடை.

ரஜூலா 1970-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. பிள்ளைகளாக அதில் வந்தவர்களுக்கே இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெரியவர்களாக வந்தவர்களில் எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க இன்னும் அதிக காலம் இல்லை.

பாய்மரப் படகு வாங்கத் தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் கேஎல் சென்ட்ரலில் கமூட்டர் ரயில் ஏறினால் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். பக்கத்திலேயே கெத்தாம் தீவுக்குப் படகு கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு தாத்தா பாட்டியையும் அழைத்துப் போங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கப்பல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்லட்டும்.