பரங்கிமலை முதல் பாமீர் வரை

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் தினமும் பரங்கிமலையைப் பார்க்கிறார்கள். சுமார் 300 அடி உயரமுள்ள சிறு மலைதான். ஆனால் உலகத்திலேயே உயர்ந்த சிகரத்தை அளந்த கதை இந்த மலையடிவாரத்தில்தான் தொடங்கியது.

இமயத்துக்கும், அதற்கும் அப்பாலுள்ள பாமீர் மலைகளுக்கும் போய் வர இளைஞர்கள் ஆசைப்படும் காலம் இது. ஆசை நல்லதே. ஆனால் துணிச்சல் மட்டும் போதுமா? போதாது என்கிறது பரங்கிமலையின் கதை.

400 முறை போட்ட சங்கிலி

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். தூரம் ஏழரை மைல். அளவுகோல், 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி.

கடுமையான கோடை வெயில். சூடு பட்டால் எஃகு நீளும். நீண்டால் கணக்குத் தப்பும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டே அளந்தார்கள். சுமார் 400 முறை சங்கிலி போடப்பட்டது. அரை நாளில் நடந்துவிடக் கூடிய தூரத்தை அளக்கப் பல வாரங்கள் ஆயின.

ஏன் இத்தனை பொறுமை? இந்தக் கோட்டை ஆதாரமாக வைத்துத்தான், முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஓர் அங்குலம் தவறினால், தொலைவில் பல அடி தவறிவிடும்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள அளவைக் கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். 1823-ல் அவர் காலமான பிறகும் வேலை நிற்கவில்லை.

வித்தியாசம் 30 அடி!

இமயத்தின் 15-ஆம் எண் சிகரம் 29,002 அடி உயரம் என்று 1856-ல் அறிவிக்கப்பட்டது. அதுவே எவரெஸ்ட். அந்தக் கணக்கைப் போட்டவர் என்று புகழ் பெற்றவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 2020-ல் அறிவிக்கப்பட்ட புதிய அளவு 8,848.86 மீட்டர். அதாவது சுமார் 29,032 அடி. வித்தியாசம் 30 அடிதான்!

இந்திய அளவை வடக்கே மேலும் சென்றது. 1913-ல் பாமீர் மலைகளில் ரஷ்யாவின் அளவையோடு இணைந்தது. பாமீரின் பெரும்பகுதி இன்று தஜிகிஸ்தான் நாட்டில் இருக்கிறது. அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. அங்குள்ள பாமீர் நெடுஞ்சாலை, 4,655 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிச் செல்கிறது. நமது உதகைக்குப் பக்கத்திலுள்ள தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர்தான்.

2,500 மீட்டருக்கு மேல் போனால் தலைவலி, குமட்டல், மயக்கம் வரலாம். காற்று மெலிவதே காரணம். பலசாலியையும் அது விடாது. 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. நோய் முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். வீம்பு உதவாது.

குரங்கணியின் பாடம்

ஆபத்து தூர தேசத்தில் மட்டும் இல்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேறச் சென்றவர்கள் அதில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அவர்களிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. காலமும் காடும் அறிந்து, 'இப்போது போகாதீர்கள்' என்று தடுக்கும் ஏற்பாடுதான் இல்லை.

அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்தியது. 2025-ல் தீப்பிடிக்கும் காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகள் மூடப்பட்டன. பயணம் தள்ளிப் போயிற்றே என்று சிலர் வருந்தியிருக்கலாம். மூடிய பாதை மறுபடி திறக்கும். போன உயிர் திரும்பாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

மலைக்குப் போகிறேன் என்று மகனோ மகளோ சொன்னால், 'கூடாது' என்று அதட்டுவது முறையல்ல. அதட்டினால் சொல்லாமல் போவார்கள். அது இன்னும் ஆபத்து. கேட்க வேண்டியது இவற்றைத்தான்:

அழைத்துப் போகிறவர் யார்? அனுமதிச் சீட்டு இருக்கிறதா? வழி தெரிந்த உள்ளூர்க்காரர் உடன் வருகிறாரா? அந்த மாதத்தில் அங்கே தீயா, மழையா, பனியா? ஆபத்து வந்தால் இறங்கும் வழி எது? எத்தனை மாதமாக நடந்து பழகியிருக்கிறாய்?

ஏழரை மைலுக்கு 400 முறை சங்கிலி போட்டவர்களின் அளவுதான் கடைசியில் பாமீர் வரை போய்ச் சேர்ந்தது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் பிள்ளையை மனநிறைவோடு வழியனுப்பலாம். பதில் இல்லாத பிள்ளை அடுத்த ஆண்டு போகட்டும். மலை எங்கும் போய்விடாது.