மலரும் மரமும்



நம் நாட்டுக் காடுகளில் அழிவை நோக்கிச் செல்லும் தாவரங்களுள் இரண்டை இங்கு ஒப்பிட்டுக் காண விழைகின்றோம். ஒன்று, பூக்கும் இனமாகிய ரஃப்ளேசியா. மற்றொன்று, பூவாமல் கூம்பு தாங்கும் இனமாகிய டாமார் மிஞ்ஞாக் மரம்.

ரஃப்ளேசியாவுக்கு வேருமில்லை, தண்டுமில்லை, இலையுமில்லை. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடியினுள் மறைந்து, அக்கொடியின் சத்தையே உண்டு வாழ்கின்றது. அரும்பு முதிரப் பல மாதங்கள் ஆகும். விரிந்த மலரோ ஒரு வாரத்தில் அழுகிவிடும். ஆண் மலரும் பெண் மலரும் வெவ்வேறானவை. அவை அருகருகே ஒரே காலத்தில் பூத்தால்தான், நாற்றத்தை நாடி வரும் ஈக்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். அறியப்பட்ட 42 வகைகளும் ஆபத்தில் உள்ளன என்றும், அவற்றுள் 25 வகைகளின் நிலை மிகக் கடுமையானது என்றும் 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது.

டாமார் மிஞ்ஞாக் இதற்கு நேர்மாறானது. சுமார் 50 மீட்டர் வரை ஓங்கி வளரும். தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். சிறகுடைய அதன் விதைகளைக் காற்று பரப்பும். பட்டையைக் கீறினால் குங்கிலியம் போன்ற பிசின் வடியும். பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது புதுமையன்று. பலகைக்காகப் பெருமரங்கள் வெட்டப்பட்டதால், அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

மலரை நம் பிள்ளைகள் படத்திலேனும் கண்டிருப்பர். மரத்தின் பெயரையோ நம்மில் பலர் கேட்டதுமில்லை. கண்ணைக் கவர்வதை மட்டும் காத்தால் போதும் என்னும் எண்ணம் தவறு என்பதே எமது கருத்து. டாமார் விதையை நாற்றங்காலில் முளைக்கவைக்கலாம். ஆயினும் அது பெருமரமாவதை நட்டவர் காண்பது அரிது. ரஃப்ளேசியாவைத் தோட்டத்தில் வளர்ப்பதோ அதனினும் அரிது. கொடியும் நிழலும் ஈரமும் போனால் மலரும் போகும். ஆகவே, இரண்டுக்கும் காடே அடைக்கலம்.

காட்டை அழித்தால்தானே பிழைப்பு என்று சிலர் வினவலாம். பேராக் மாநிலத்தில், கோப்பெங்கை அடுத்த உலு கெரோவில், ரஃப்ளேசியாவைக் காண வருவோருக்கு ஓராங் அஸ்லி மக்கள் வழிகாட்டி வருமானம் பெறுகின்றனர். காடு நின்றாலும் பிழைப்பு உண்டு.

பெற்றோர்களே! ரஃப்ளேசியா அரும்பை மருந்தென்று விற்றால் வாங்காதீர்கள். மாணவர்களே! காட்டுக்குச் சென்றால் பாதையை விட்டு விலகாதீர்கள். காலடியில் கொடியும் அரும்பும் நசுங்கும். மலரைக் கண்டு மகிழும்போது, அருகில் நிற்கும் மரத்தின் பெயரையும் கேட்டறியுங்கள். பெயரறியாத மரம் வெட்டுண்டால், அதற்காக வருந்துவார் எவருமிலர்.