கம்பெனி 200 கோடிக்கு விலைபோனது. உங்கள் ஈசாப் பங்கு ஏன் பூஜ்ஜியம்?

2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, இந்தியாவில் அதன் ஊழியர்கள் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டதாக நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அவர்களில் சுமார் 70 பேர் 30 வயதைத் தாண்டாதவர்கள். சென்னையில் தொடங்கிய கம்பெனி என்பதால் நமக்கெல்லாம் கூடுதல் சந்தோஷம். 'சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனா ஈசாப் இருக்கே' என்று ஸ்டார்ட்அப் வேலைக்குச் சேரும் பலருக்கும் மனதில் இருப்பது இந்தப் படம்தான்.

அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு விஷயம் விடுபட்டுப்போனது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் விற்கப்படவில்லை, பட்டியலானது. இரண்டும் ஒன்றல்ல. பங்குச் சந்தைக்குப் போகும்போது முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குகள் பொதுவாகச் சாதாரணப் பங்குகளாக மாறிவிடும். அப்புறம் எல்லோருக்கும் ஒரே விலை. இன்னொரு கம்பெனி மொத்தமாக வாங்கும்போது அப்படி இல்லை. பணம் வரிசைப்படி பிரிக்கப்படும். அந்த வரிசையில் ஊழியர் நிற்பது கடைசியில்.

யாருக்கு முதலில் பணம்?

விற்பனைப் பணத்தில் கடன்காரர்கள், வக்கீல், வங்கியாளர் செலவெல்லாம் போன பிறகு, முன்னுரிமைப் பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர்கள் தாங்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள். இதற்கு 'லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்' என்று பெயர். பெயரைப் பார்த்துக் கம்பெனி திவாலானால் மட்டும்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். நல்லபடியாக நடக்கும் விற்பனைக்கும் இது பொருந்தும்படிதான் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனியில் முதலீட்டாளர்கள் 150 கோடி ரூபாய் போட்டு 60 சதவீதம் வைத்திருக்கிறார்கள். மீதி 40 சதவீதம் நிறுவனர்கள், ஊழியர்கள் கையில். அதில் உங்கள் பங்கு 0.1 சதவீதம். கம்பெனி 200 கோடிக்கு விலைபோகிறது. உங்களுக்கு 20 லட்சம் வரும் என்றுதான் மனசு கணக்குப் போடும்.

நடப்பது வேறு. முதலீட்டாளர்கள் 150 கோடியை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 50 கோடி மற்றவர்களுக்குள் பிரிகிறது. உங்களுக்கு 12.5 லட்சம். 150 கோடியையும் எடுத்துக்கொண்டு மீதியிலும் பங்கு கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தால், உங்களுக்கு 5 லட்சம். போட்டதுபோல் இரண்டு மடங்கு முதலில் எடுக்கலாம் என்று ஒப்பந்தம் இருந்தால் 200 கோடியும் அவர்களுக்கே. உங்களுக்குப் பூஜ்ஜியம். பங்கை வாங்க நீங்கள் கட்டும் விலையை இதில் சேர்க்கவே இல்லை.

கம்பெனி அதே, விற்ற விலையும் அதே. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரிதான் வித்தியாசம்.

கோர்ட்டுக்குப் போனால்?

டிராடோஸ் வழக்கைப் பாருங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள் தயாரித்த இந்த நிறுவனத்தை 2005-ல் பிரிட்டனின் எஸ்டிஎல் 6 கோடி டாலருக்கு வாங்கியது. முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு 5.22 கோடி டாலர். விற்பனையை முடித்துக்கொடுத்த நிர்வாகிகளுக்கு போனஸாக 78 லட்சம் டாலர். சாதாரணப் பங்குதாரர்களுக்கு ஒரு சென்ட்கூட இல்லை. அந்த போனஸ் திட்டம் இல்லாதிருந்தால் அவர்களுக்கு சுமார் 21 லட்சம் டாலர் மிஞ்சியிருக்கும்.

சாதாரணப் பங்கு வைத்திருந்த ஒருவர் வழக்குப் போட்டார். அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பு சொன்னது. இயக்குநர்கள் நடந்துகொண்ட முறை நியாயமாக இல்லை, சாதாரணப் பங்குதாரர்களின் நலனை அவர்கள் யோசிக்கவே இல்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஜெயித்தது இயக்குநர்கள்தான். விற்பதற்கு முன்பே அந்தச் சாதாரணப் பங்குகளுக்கு மதிப்பு எதுவும் இல்லை, அதனால் அவர்கள் இழந்ததும் எதுவும் இல்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. விற்பனை முடிந்த பிறகு சட்டம் வந்து காப்பாற்றும் என்று நம்பி உட்கார முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கிடைக்காத பணத்துக்கு வரி

இதைவிடக் கசப்பான கதை குட் டெக்னாலஜி. 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டிருந்த இந்த நிறுவனத்தை 2015-ல் பிளாக்பெர்ரி 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஓராண்டுக்கு முன் 4.32 டாலர் என்று மதிப்பிடப்பட்ட சாதாரணப் பங்குக்குக் கிடைத்தது 44 சென்ட். ஊழியர்கள் சிலர் பழைய, பெரிய மதிப்புக்கு ஏற்கெனவே வரி கட்டியிருந்தார்கள்.

இந்தியாவிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஈசாப் உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கும் நாளில், சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு வரும். கையில் காசு வந்திருக்காது. அங்கீகாரம் பெற்ற சில ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு மட்டும் இந்த வரியைத் தள்ளிப்போட 2020 பட்ஜெட் வழி செய்தது, எல்லோருக்கும் இல்லை. பின்னால் கம்பெனி குறைந்த விலைக்குப் போனால் அது மூலதன நஷ்டம். அதைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

நீங்கள் என்ன கேட்கலாம்?

ஆஃபர் லெட்டரில் '10,000 ஆப்ஷன்கள்' என்று இருந்தால் அதற்குத் தனியாக அர்த்தமே இல்லை. மொத்தப் பங்குகள் எத்தனை? முன்னுரிமைப் பங்குதாரர்கள் முதலில் எடுக்கும் தொகை எவ்வளவு? எடுத்த பிறகு மீதியிலும் அவர்களுக்குப் பங்கு உண்டா? கம்பெனி விற்கப்பட்டால் என் வெஸ்ட் ஆகாத ஆப்ஷன்கள் என்ன ஆகும்? இந்த நான்கையும் மெயிலில் கேளுங்கள். பதிலும் மெயிலில் வரட்டும்.

'அதெல்லாம் ரகசியம்' என்று எச்ஆர் சொன்னால் இன்னொரு வழி இருக்கிறது. முதலீட்டாளர்கள் தங்கள் உரிமைகளை வழக்கமாகக் கம்பெனியின் சங்க விதிகளிலும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். தனி ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்துமா என்ற சந்தேகம் வரும் என்பதே காரணம். அந்தச் சங்க விதிகள் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தாக்கல் செய்யப்படும் பொது ஆவணம். கட்டணம் கட்டி, அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அரசு செய்ய வேண்டியது

முதலீட்டாளர்கள் மீது குறை சொல்வது நம் நோக்கமில்லை. பத்து கம்பெனியில் பணம் போட்டு எட்டில் இழப்பவர், மிச்சத்தில் பாதுகாப்பு கேட்பது நியாயம்தான். அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பல ஸ்டார்ட்அப்களுக்கு முதலீடே வராது. ஆனால் குறைந்த சம்பளத்துக்கு நான்கு வருடம் உழைப்பவரும் ஒரு வகையில் முதலீடுதான் செய்கிறார். எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நிற்கும் உரிமை அவருக்கு வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் ஈசாப் கொடுக்கும் முன், அதன் ஆபத்துகளை விளக்கும் ஆவணத்தை ஊழியரிடம் தர வேண்டும் என்பது செபியின் விதி. பட்டியலாகாத கம்பெனிக்கு அப்படியில்லை. கம்பெனிச் சட்ட விதிகள் ஈசாப் விவரங்களைப் பங்குதாரர்களுக்குச் சொல்லச் சொல்கின்றன. ஆப்ஷன் வாங்கப்போகும் ஊழியருக்கு முன்னால் யார் எவ்வளவு எடுப்பார்கள் என்று சொல்லச் சொல்லவில்லை. தினமும் விலை தெரியும் பங்குக்கு விளக்கம் உண்டு, விலையே தெரியாத பங்குக்கு விளக்கம் இல்லை என்பது தலைகீழ்.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் தேவையில்லை. ஈசாப் விதியில் ஒரு பக்கப் படிவத்தைச் சேர்த்தால் போதும். மொத்த முன்னுரிமைத் தொகை எவ்வளவு, கம்பெனி மூன்று வெவ்வேறு விலைக்கு விற்கப்பட்டால் இந்த ஊழியரின் கைக்கு எவ்வளவு வரும் என்பதைக் கம்பெனி எழுதிக் கொடுக்கட்டும். கையெழுத்துப் போடுவதா, அதற்குப் பதில் கூடுதல் சம்பளம் கேட்பதா என்பதை ஊழியர் முடிவு செய்துகொள்வார்.